முயலோட்டி வீட்டுக்கு வந்த மேவிஸ்

நெவில் ஹாக்ஸ்வொர்த் இருபத்தாறு வருடம் முயல் ஓட்டியவர். எங்கள் ஊர் நாய்ப் பந்தயத் தடத்தில், பார்வையாளர் மேடைக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. அதில் ஒரு நாற்காலி, ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் தள்ளினால் கீழே தண்டவாளத்தில் முயல் பொம்மை கிளம்பும், ஆறு கிரேஹவுண்ட் பந்தய நாய்கள் அதைத் துரத்தும். முன்னால் வரும் நாய்க்கும் முயலுக்கும் நடுவே பன்னிரண்டு கஜம் இருக்க வேண்டும். நெருங்கவிட்டால் நாய் கவ்விவிடும், பந்தயம் செல்லாது, கூட்டம் கத்தும். ரொம்பத் தள்ளிப்போனால் நாய்களுக்கு ஆசை விட்டுப்போகும். யார்க்‌ஷயர் மழையிலும் பனிமூட்டத்திலும் அந்தப் பன்னிரண்டு கஜத்தைக் காப்பாற்றியவர் நெவில்.

அத்தனை வருடத்தில் ஒரு நாய்கூட அவர் முயலைப் பிடித்ததில்லை. அவரும் ஒரு நாயைக்கூடத் தொட்டதில்லை. பந்தய நாளில் முயலோட்டி நாய்க்கூடங்கள் பக்கம் போகக்கூடாது என்பது தடத்தின் விதி. எந்த நாய்க்கும் அவர் வேண்டியவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? கார் நிறுத்துமிடத்திலிருந்து இரும்புப் படியேறி நேராக அறைக்குப் போவார். எல்லா நாய்களும் வண்டியேறிய பிறகுதான் இறங்குவார்.

அவருடைய மனைவி பவுலின் ஒரு பந்தயத் தரகரின் எழுத்தருடன் போனது தெருவுக்கே தெரிந்த பழைய கதை. எதிர்வீட்டு கிளிஃப் அதைச் சொல்லிக்காட்டாத வாரமில்லை.

"இவன் பன்னிரண்டு கஜம் தள்ளியே நின்னான். அவளுக்கு ஆசை விட்டுப்போச்சு."

"உன் பொண்டாட்டி இன்னும் இருக்காளே, அதுக்கு என்னடா காரணம்? அவளுக்குக் கண்ணு தெரியாது" என்பார் நெவில். இருவரும் சிரித்துக்கொண்டு பியர் குடிக்கப் போவார்கள்.

தடத்தை விற்று அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியபோது நெவிலுக்கு அறுபத்தாறு வயது. வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஆரம்பப் பள்ளிக்கூடத்து முன்சாலையைப் பிள்ளைகள் கடக்க உதவ ஒரு வருடமாக ஆளே கிடைக்காமல் இருந்தது. நெவில் போய்ச் சேர்ந்துகொண்டார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டு, கையில் வட்டப் பலகை பொருத்திய கோல். காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். லாரிகளை நிறுத்துவதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை பால் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், கடை வாசலிலேயே நின்றுவிட்டார். ஓய்வுபெற்ற பந்தய நாய்களுக்கு வீடு தேடுகிறவர்கள் நான்கு கிரேஹவுண்டுகளோடு அங்கே நின்றிருந்தார்கள். அதில் சாம்பல் நிறப் பெண் நாய் ஒன்று நெவிலின் தொடையில் சாய்ந்தது. உடம்பின் முழுப் பாரத்தையும் அவர்மேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நகர்ந்தால் அது விழுந்துவிடும் என்று நினைத்து நெவில் முக்கால் மணி நேரம் அசையவில்லை.

"எல்லாக் கிரேஹவுண்டும் இப்படித்தான் சாயும் சார். நீங்க தாராளமா நகரலாம்" என்றாள் லின்ட்சி. நாய்களை வீடு சேர்க்கும் அமைப்பை நடத்துகிறவள், முப்பது வயதுக்காரி.

"பரவாயில்ல, இருக்கட்டும்மா. பேரென்ன?"

"நாய்க்கூடத்துல கூப்பிடறது மேவிஸ். பந்தயப் பேரு வேற."

அவள் நாயை நடத்திக் காட்டினாள். கடை மூலையில் திரும்பும்போது மேவிஸ் சுவரை ஒட்டிப் போகாமல் வெளிப்பக்கமாக ஒரு பெரிய வளைவு எடுத்தது. நெவில் பால் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"ஆறாம் நம்பர் கூண்டுலேர்ந்து கிளம்புவா. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. மூணாவது வளைவுல எப்பவும் அகலமாப் போவா. ரெண்டு வருஷம் எனக்குப் பின்னாடிதான் ஓடினா."

மேவிஸின் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தால் முதுகு மட்டும்தானே தெரியும்.

லின்ட்சி வீட்டுக்கு வந்து வேலியின் உயரத்தை அளந்தாள், கதவுத் தாழ்ப்பாள்களை ஆட்டிப் பார்த்தாள். முதலில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம், ஒத்துவந்தால் கையெழுத்து, ஒத்துவராவிட்டால் திரும்பக் கூடத்துக்கு. அதுதான் ஏற்பாடு. அக்டோபர் முதல் ஞாயிறு, மேவிஸ் எங்கள் தெருவில் இருபத்தொன்றாம் எண் வீட்டு வாசலில் வந்து நின்றது.

நின்றது நின்றதுதான். பந்தய நாய்க்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. கூடம் தெரியும், வண்டி தெரியும், தடம் தெரியும். கம்பளம் விரித்த நடை, பளபளக்கும் கண்ணாடி, மாடிப்படி எல்லாம் அதற்குப் புதுசு. நெவில் கூப்பிட்டார், கெஞ்சினார், கோழித்துண்டு காட்டினார். மேவிஸ் வாசற்படியைத் தாண்டவில்லை. தெருவில் கால்வாசிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டோம்.

அப்போது நெவில் செய்ததை வேறு தொழிலில் இருந்த மனுஷன் செய்திருக்கமாட்டான். உள்ளே போய் ஆட்டுரோமம் வைத்த ஒரு வீட்டுச் செருப்பைத் தூண்டில் நரம்பில் கட்டினார். செருப்பை வாசலில் வைத்துவிட்டு நரம்பின் மறுமுனையோடு சமையலறைக்குப் போனார். சரியான வேகத்தில், சரியான இடைவெளியில், கைதேர்ந்த ஆளைப்போல இழுத்தார்.

மேவிஸ் வீட்டுக்குள் நுழைந்தது. நடை, முன்னறை, சமையலறை, எல்லாம் இரண்டு நொடி. துணி காயவைக்கும் சட்டத்தோடு போய்ப் பின்கதவில் மோதி நின்றது. நெவிலின் உள்சட்டை அதன் தலைமேல். செருப்பு அதன் வாயில்.

"தங்கமே, அடிபட்டுச்சா?" நெவில் மண்டியிட்டுக் கால்களைத் தடவிப் பார்த்தார். அடி எதுவும் இல்லை. மேவிஸ் செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்தது. பிடித்த பிறகு என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஜன்னலில் மூக்கை ஒட்டியிருந்த கிளிஃப், "யோவ் நெவில், முயலைப் பிடிச்சிருச்சு! பந்தயம் செல்லாது! என் காசைத் திருப்பிக் குடு!" என்று கத்தினான்.

அன்றிரவு மேவிஸ் மாடியேறவில்லை. படியின் முதல் கட்டையில் முன்னங்கால்களை வைத்துவிட்டு நடுங்கியது. நெவில் மெத்தையை இழுத்துக் கீழே போட்டுக் முன்னறையிலேயே படுத்துக்கொண்டார். காலையில் கோதுமை பிஸ்கட்டைச் சூடான பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். பந்தய நாய்களின் காலையுணவு அதுதான் என்று லின்ட்சி எழுதிக் கொடுத்திருந்தாள். கண்ணாடியில் தெரிந்த இன்னொரு சாம்பல் நாயின் முன்னால் மேவிஸ் மரியாதையாக வழிவிட்டு நின்றது. துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுவதை ஒரு முழுச் சுற்று உட்காராமல் பார்த்தது. கிரேஹவுண்டுகள் லேசில் உட்காராது. நிற்கும், சாயும், இல்லையென்றால் படுக்கும். சமையலறை மேசையை வளைந்து போகும்போதும் அகலமாகத்தான் போனது. நெவில் நாற்காலிகளை நகர்த்தி அதற்கு வழி விட்டார்.

திங்கட்கிழமை எட்டேகால் மணிக்கு நெவில் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கதவு சாத்திய மறுநிமிடம் ஊளை தொடங்கியது.

குரைப்பு என்றால் பழகிப்போகும். இது அப்படியில்லை. அடிவயிற்றிலிருந்து ஏறி, மேலே போய் நின்று நடுங்கி, மெல்ல இறங்கும். இறங்கியதும் மறுபடி ஏறும். நாங்கள் கதவைத் திறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இருநூறு கஜம் தள்ளிப் பள்ளிக்கூடத்து முன்னால் நின்ற நெவிலுக்கும் கேட்டது.

ஆனால் நாங்கள் எல்லாரும் விழித்திருந்தவர்கள். ஒட்டுச்சுவருக்கு அந்தப்பக்கம், இருபத்துமூன்றாம் எண் வீட்டில் கிளெனிஸ் அப்போதுதான் படுத்திருந்தாள்.

கிளெனிஸ் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இராவேலை பார்ப்பவள். வாரத்தில் ஐந்து இரவு. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள், ஒரு டீ குடிப்பாள், எட்டேகாலுக்குப் படுப்பாள். அந்த நேரத்தில் தூக்கம் வந்தால் உண்டு, தவறினால் அன்றைக்கு இல்லை. இது தெருவுக்கே தெரியும். தபால்காரர்கூட அவள் வீட்டுப் பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் சாத்துவார்.

முதல் நாள் சும்மா இருந்தாள். இரண்டாம் நாள் கதவிடுக்கில் ஒரு சீட்டு: "நெவில், நாய் அழகா இருக்கு. தூங்க விடுமா?" மூன்றாம் நாள் நெவில் திரும்பி வரும்போது இரவு அங்கியோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நெவில் கண்ணு, நேத்து ராத்திரி மூணு குழந்தை. அத்தனை அம்மாங்களும் கத்துனாங்க. அதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. இதுக்கு யாரு தர்றா?"

"ஒரு வாரம் பொறுத்துக்க கிளெனிஸ். பழகிடும்."

"எதுக்குப் பழகும்? நீ இல்லாம இருக்கறதுக்கா? நானே இருபது வருஷமா உன் முகத்தப் பார்க்காம இருக்கப் பழகணும்னு பார்க்கறேன், முடியல."

"ரெண்டு நாளு தூங்கலன்னா உனக்கு வாய் ஜாஸ்தியாயிடுது."

"வாய் மட்டும் இல்ல. நேத்து மருந்து அளக்கறப்ப ரெண்டு தடவ பார்த்தேன், அளவு பிடிபடல. மூணாவது தடவ இன்னொருத்தியக் கூப்பிட்டுக் காட்டினேன். புரியுதா உனக்கு?"

நெவிலுக்குப் புரிந்தது. அதன்பிறகு அவர் விளையாட்டாகப் பேசவில்லை.

லின்ட்சியிடம் தொலைபேசியில் கேட்டார். நாய்க்கூடத்தில் எப்போதும் ஜோடியாகத்தான் நாய்களைப் படுக்கவைப்பார்கள், மேவிஸ் பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்ததில்லை என்றாள். ரேடியோ போட்டுவிட்டுப் போகச் சொன்னாள். போட்டார், பயனில்லை. தான் உடுத்திய சட்டையைப் படுக்கையில் போடச் சொன்னாள். மேவிஸ் அதன்மேல் படுத்துக்கொண்டு ஊளையிட்டது. ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், அப்புறம் இரண்டு நிமிடம், அப்புறம் மூன்று என்றாள். ஆறு நிமிடம் வரை வந்தார். பிள்ளைகள் சாலையைக் கடந்து முடிய நாற்பது நிமிடம் வேண்டுமே.

புதன்கிழமை மாலை நெவிலுக்கு ஒரு யோசனை வந்தது. தெரிந்த சத்தம் கேட்டால் மேவிஸுக்குத் துணையாக இருக்கும் என்று நினைத்தார். அலமாரியில் தடத்தின் கடைசி வருடத்துப் பந்தய ஒலிநாடா ஒன்று இருந்தது. கூட்டத்தின் இரைச்சல், அறிவிப்பாளர் குரல், எல்லாம் அதில் உண்டு. வியாழன் காலை அதைச் சத்தமாக ஓடவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

முதல் ஐந்து நிமிடம் ஊளையே இல்லை. பள்ளிக்கூட வாசலில் நெவில் சிரித்துக்கொண்டே ஒரு பால்வண்டியை நிறுத்தினார். பிறகு நாடாவில் மணி அடித்தது. "முயல் கிளம்பிவிட்டது" என்றார் அறிவிப்பாளர். தண்டவாளத்தில் முயல் உருளும் கரகரப்பு தூரத்திலிருந்து எழும்பி நெருங்கியது.

நாங்கள் கேட்டது முதலில் ஒரு தடால். அப்புறம் கண்ணாடி. அப்புறம் மறுபடி தடால், தடால். மேவிஸ் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாடாவில் மொத்தம் பன்னிரண்டு பந்தயம். ஏழாவது பந்தயத்தில் கிளெனிஸ் ஒட்டுச்சுவரை எதனாலோ ஓங்கி அடித்த சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நெவில் வந்து பார்த்தபோது திரைச்சீலைக் கம்பி தரையில் கிடந்தது. விளக்கு உடைந்திருந்தது. மேவிஸ் மூச்சுவாங்கிக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவர் தொடையில் வந்து சாய்ந்தது. நாலு நாளில் அது இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

அவர் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"தப்பு என்னுது கிளெனிஸ். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிடறேன்."

கிளெனிஸ் வாசற்கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. "அப்படியெல்லாம் நான் சொல்லலயே" என்றாள். பிறகு, "சரி" என்றாள்.

கிளிஃபுக்கு இது பொறுக்கவில்லை. "பள்ளிக்கூட வேலைய விட்டுடு. நாயப் பார்த்துக்கிட்டு வீட்ல இரு" என்றான்.

"போன வருஷம் ஆளில்லாம இருந்தப்ப ஒரு பொண்ணு வண்டில அடிபட்டுச்சே, மறந்துட்டியா? நான் விட்டா யாரு நிப்பா? நீ நிப்பியா?"

"எனக்கு முட்டி வலி."

"அப்ப வாயமூடிக்க."

அன்று மாலை மேவிஸோடு அவர் நடந்த தூரத்துக்குக் கணக்கே இல்லை. பழைய தடம் இருந்த இடம் வரை போய்விட்டு வந்தார். வேலி போட்டு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். மேவிஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேலியோரப் புல்லை மோந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதன் வாரையும் வாய்க்கூட்டையும் போர்வையையும் மடித்து, லின்ட்சி கொண்டுவந்த அதே பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. நெவில் சாலையில் நின்றார். ஊளை தொடங்கியது. இன்னும் இந்த ஒரு நாள்தானே என்று அம்மாக்கள்கூட ஒன்றும் சொல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு முப்பத்தெட்டுக்கு ஊளை நின்றது.

ஏறிக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்தது. மறுபடி வரவில்லை.

நெவில் வட்டப் பலகையைப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் பார்த்தார். திரைச்சீலைக் கயிற்றில் கழுத்து மாட்டிக்கொண்டதா? உடைந்த கண்ணாடியில் ஏதாவது மிச்சம் இருந்து விழுங்கிவிட்டதா? கதவைத் திறந்துகொண்டு பெரிய சாலைக்கு ஓடிவிட்டதா? கிரேஹவுண்டுக்கு வண்டி என்றால் என்னவென்று தெரியாது. இன்னும் இருபத்திரண்டு நிமிடம். இந்தப்பக்கம் பிள்ளைகள், அந்தப்பக்கம் பிள்ளைகள். அவர் போகவில்லை. ஒன்பது மணி அடித்துக் கடைசிப் பையன் வாசலுக்குள் போன பிறகு, கோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அறுபத்தாறு வயது மனுஷன் அந்த மஞ்சள் கோட்டோடு ஓடியதை நாங்கள் அனைவரும் பார்த்தோம். கிளிஃப் கத்துவதற்கு வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டான்.

வீட்டில் மேவிஸ் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவிலிருந்த கதவும் திறந்திருந்தது. அதற்கப்பால் கிளெனிஸின் பின்கதவு பாதி சாத்தியிருந்தது.

அவள் வீட்டுப் பின்ஜன்னல் வழியாக நெவில் எட்டிப் பார்த்தார். சோபாவில் கிளெனிஸ் இரவு அங்கியோடு குறுக்கே படுத்திருந்தாள், வாய் திறந்திருந்தது. அவள் வயிற்றுக்கும் சோபா முதுகுக்கும் நடுவே இருந்த இடத்தில் மேவிஸ் நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கிரேஹவுண்டுகள் அப்படித்தான் தூங்கும். ஒருத்தி குறட்டைவிட, ஒருத்தியின் கால் இழுத்து இழுத்துத் துடித்தது.

நெவில் ஜன்னலைத் தட்டவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து நான் ஒரு கோப்பை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். "சத்தம் போடாத" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

இரண்டரைக்குக் கிளெனிஸ் எழுந்து வந்தாள். ஒரு கன்னத்தில் சோபாவின் தையல் பதிந்திருந்தது.

"உன் சாவி எங்கிட்டதான இருக்கு. நாயத் திட்டறதுக்குத்தான் போனேன். நல்லா நாலு வார்த்தை தயார் பண்ணி வெச்சிருந்தேன். கதவத் திறந்தா வந்து சாஞ்சுட்டா. நின்னுக்கிட்டே தூங்கிடுவேன்னு தோணுச்சு. படுக்கலாம்னு இங்க வந்தேன், பின்னாடியே வந்துட்டா."

"ஆறு மணி நேரம் ஆச்சு" என்றார் நெவில்.

"ஆறா? மார்ச்சுலேர்ந்து நான் ஆறு மணி நேரம் தூங்கினதே இல்ல." அவள் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ராத்திரி முழுக்க ஒவ்வொருத்தருக்கும் எங்கிட்ட ஏதாவது வேணும். தண்ணி வேணும், கையப் பிடிக்கணும், டாக்டரக் கூப்பிடணும். இவளுக்கு ஒண்ணுமே வேணாம். பக்கத்துல ஒரு உடம்பு கிடந்தா போதும்."

நெவில் கோலின் பலகையை நகத்தால் சுரண்டினார். "அப்ப என்னத் தேடி அழல."

"இல்ல கண்ணு. யாரா இருந்தாலும் சரிதான். அதுக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

"நான் எங்க தூக்கி வெச்சுக்கிட்டேன்?"

"பாரு, மோவாய் தரையத் தொடுது."

நெவிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து மேவிஸ் வந்து, இரண்டு பேரையும் பார்த்து, கொஞ்சம் யோசித்து, கிளெனிஸ்மேல் சாய்ந்தது. பிறகு அந்தச் சாய்மானம் போதவில்லை போலிருக்கிறது, நகர்ந்து நெவில்மேல் சாய்ந்தது.

"காலைல எட்டேகாலுக்குக் கொண்டாந்து விடு. சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போ. சோபாவுல முடி உதிர்ந்தா நீதான் பெருக்கணும்."

"பெருக்கறேன்."

"லீவு நாள்லயும் கொண்டாந்து விடு."

"லீவு நாள்ல நான் வீட்லதான இருப்பேன்."

"இருந்துக்கோ. நாய அனுப்பு."

சனிக்கிழமை பத்து மணிக்கு லின்ட்சி வண்டியோடு வந்தாள். நெவில் வாசலுக்கு வந்து உதட்டின்மேல் விரல் வைத்தார். அவளைப் பூனைபோல நடக்கச் சொல்லித் தோட்டத்து நடுக்கதவு வழியாகக் கூட்டிப்போய், பக்கத்து வீட்டு ஜன்னலைக் காட்டினார். 

"மூணு வருஷம் கூடத்துல பார்த்திருக்கேன். மல்லாக்கப் படுத்து நான் பார்த்ததே இல்ல" என்றாள் கிசுகிசுப்பாக.

மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம் என்று, திரும்பி வந்து நெவிலின் சமையலறை மேசையில் படிவத்தை விரித்தாள். தத்தெடுப்பவர் பெயர், தொலைபேசி, கால்நடை மருத்துவர் எல்லாம் எழுதி முடித்தாள். நாய் வசிக்கும் முகவரி என்ற இடத்தில் இருபத்தொன்று என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

"பகல்ல எங்க, ராத்திரில எங்கன்னு ஆபீஸ்ல கேப்பாங்க சார். பின்னாடி ஒரு பிரச்சினை வந்துடக் கூடாது. கோடு ஒண்ணுதான் இருக்கு."

"சின்னதா எழுதும்மா" என்றார் நெவில்.

அவள் படிவத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எறும்பு எழுத்தில், இருபத்துமூன்றையும் எழுதினாள்.